உறுதியும் அச்சவாரமும்: மோட்டார் வண்டி வாங்குவோர் எப்பொழுது கட்டுப்படுகின்றனர்?

யாழ்ப்பாணத்தார் வழக்கிலே "உறுதி" என்னுஞ் சொல் இரு பொருள் தாங்கி நிற்கின்றது. மனத்திண்மை உறுதி எனப்படும். நொத்தாரிசு முன்னிலையில் எழுதி முடிக்கப்பெறும் காணிச் சாதனமும் உறுதி எனவே வழங்கும். பின்னைய பொருளின் செல்வாக்கு மிகுதியினாலே, உறுதி முடியாத எதுவும் எவரையுங் கட்டாது என்னும் எண்ணம் எம்மவருட் பலரிடத்து வேரூன்றிவிட்டது. "இன்னும் உறுதி முடியவில்லையே, வேண்டாமென்றால் விட்டுவிடலாம்" என்று காணி விலைபேசிய ஒருவர் கூறுவது சட்டத்தோடு பெரிதும் ஒத்த கூற்றே. அதே கூற்றை மோட்டார் வண்டி விலைபேசிய ஒருவர் கூறுவாராயின், அவர் தம்மைத் தாமே ஏமாற்றிக்கொள்பவராவர்.

முன்னாளில் ஊருக்கு ஒன்றும் இரண்டுமாயிருந்த மோட்டார் வண்டி இந்நாளில் நடுத்தரக் குடும்பங்களின் தேவையாகிவிட்டது. இளைப்பாறிய ஆசிரியரின் பணிக்கொடையும், கடல் கடந்து வாழும் மக்கள் அனுப்பும் பணமும், பல்லாண்டுச் சேமிப்பும் ஒரு நாளில், ஒரு மேசையின் முன், ஒரு கையொப்பத்தோடு கைமாறுகின்றன. காணியும் வீடும் நீங்கலாக, ஒரு குடும்பம் தன் வாழ்நாளில் வாங்கும் பொருள்களுள் விலைமிக்கது இதுவேயாகும். அத்துணைப் பெரிய கொள்வனவு எந்தக் கணத்தில் எம்மைக் கட்டுகின்றது என்பதை அறியாதிருத்தல் தகாது.

நாம் சட்டவாணர் அல்லேம்; சொல்லும் பொருளும் ஆராய்வதே எமது தொழில். ஆயினும் ஒப்பந்தம் என்பதும் சொல்லால் ஆயதொன்றே. எந்தச் சொல் பேச்சாய்க் கழிந்துபோம், எந்தச் சொல் பிணிப்பாய் நிற்கும் என்று பிரித்தறிவது மொழி பயில்வார்க்கும் உரியது. ஆதலின், மாணவரும் பழைய மாணவரும் ஒருங்கே பயன்பெறுமாறு இப்பொருளை ஈண்டு ஒரு பாடமாக வகுத்துக் கூறப் புகுந்தனம்.

1. நிலமும் வண்டியும்

இலங்கையிலே காணியின் விற்பனையை 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச்சட்டம் ஆளுகின்றது. அசையாப் பொருளை விற்பதும், விற்பதாக உடன்படுவதும் நொத்தாரிசு முன்னிலையிற் சாட்சிகளோடு எழுதப்பெறாவிடின் சட்டத்தில் வலுவுடையன ஆகா. யாழ்ப்பாணத்துக் காணிக்கு இதன்மேலும் ஒரு கட்டு உண்டு. ஒல்லாந்தர் ஆட்சியில், 1707ஆம் ஆண்டிலே கிளாஸ் ஐசாக்சு என்பவராற் தொகுக்கப்பெற்று, ஆங்கிலர் ஆட்சியில் 1806ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரமாணத்தால் வலுவளிக்கப்பெற்ற தேசவழமை, பங்காளர் முதலாயினார்க்கு முற்கொள்வனவு உரிமையை வழங்கியிருக்கின்றது. ஆகவே காணி விற்பவர் அவர்களுக்கு முதலில் அறிவித்தல் வேண்டும்.

மோட்டார் வண்டி அசையும் பொருள். அதற்கு நொத்தாரிசு வேண்டியதில்லை. பங்காளருக்கு அறிவித்தலும் வேண்டியதில்லை. அதனை ஆளுவது 1896ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கப் பொருள் விற்பனைக் கட்டளைச்சட்டமாகும். இங்கிலாந்தில் 1893ஆம் ஆண்டு இயற்றப்பெற்ற சட்டத்தைத் தழுவி இஃது ஆக்கப்பட்டது. எமது பொது ஒப்பந்தச் சட்டத்தின் அடித்தளம் உரோம-ஒல்லாந்தச் சட்டமாயினும், பொருள் விற்பனையில் ஆங்கிலச் சட்ட விதிகள் இடம்பெற்றமைக்கு இதுவே காரணம். ஆகவே இக்கட்டுரையில் ஆங்கில நீதிமன்றத் தீர்ப்புகள் சிலவற்றை எடுத்துக்காட்டுவோம். அவை எமது நீதிமன்றங்களை முற்றாகக் கட்டுப்படுத்துவன அல்ல. வாசகம் ஒத்திருத்தலால் வழிகாட்டுவன என்று கொள்க.

யார் வாங்கலாம் என்பதும் ஈண்டு நோக்கற்பாலது. முன்னர் 21 ஆக இருந்த பராய வயது 1989ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கச் சட்டத்தால் 18 ஆயிற்று. ஆதலால் எமது மேல்வகுப்பு மாணவர் சிலர் தாமே ஒப்பமிட்டுத் தாமே கட்டுப்படும் வயதினர். தேசவழமைக்குட்பட்ட மணமான பெண்ணைப் பொறுத்தவரையில், 1911ஆம் ஆண்டின் 1ஆம் இலக்க யாழ்ப்பாண விவாக உரிமை, மரபுரிமைக் கட்டளைச்சட்டம் அசையும் பொருளுக்கும் அசையாப் பொருளுக்கும் வேற்றுமை வகுத்தது. தன் தனியுடைமையாகிய அசையும் பொருளை அவள் கணவனின் சம்மதமின்றியே கையாளலாம். எனவே, தன் பெயரிலுள்ள வண்டியை ஓர் ஆசிரியை தானே விற்பதற்குத் தடையில்லை.

2. விலை பேசுதலும் விலை தீர்த்தலும்

எம்மவர் பேச்சில் "விலை பேசுதல்" வேறு, "விலை தீர்த்தல்" வேறு. சந்தைக்குச் செல்லுஞ் சிறுவனும் இவ்வேற்றுமையை அறிவான். சட்டமும் இதனையே வேறு சொற்களாற் கூறுகின்றது. ஒருவர் இன்ன பொருளை இன்ன விலைக்குத் தருவேன் அல்லது கொள்வேன் என்று முடிவாக முன்வைப்பது முனைவு. மற்றவர் அதனை மாற்றமின்றி ஒத்துக்கொள்வது ஏற்பு. இரண்டும் பொருந்திய கணத்தில் விலை தீர்ந்தது.

விற்பனை நிலையத்தின் கண்ணாடிக்குப் பின்னால் விலைச்சீட்டோடு நிற்கும் வண்டி முனைவாகுமா? ஆகாது. அது வருக, பேசுக என்னும் அழைப்பே என்று ஆங்கில நீதிமன்றங்கள் 1953இல் மருந்துக்கடை பற்றிய ஒரு வழக்கிலும், 1961இல் கடைக் கண்ணாடியில் வைக்கப்பட்ட கத்தி பற்றிய ஒரு வழக்கிலும் தெளிவுறுத்தின. ஆகவே, "இந்த விலை எழுதியிருக்கின்றீர், இவ்விலைக்கே தரல் வேண்டும்" என்று விற்போரை வற்புறுத்தும் உரிமை வாங்குவோர்க்கில்லை. பெரும்பாலும் வாங்குவோரே முனைபவர்; விற்பனை நிலையத்தாரே ஏற்பவர்.

இதன் பயன் ஒன்று உண்டு. வாங்குவோர் கட்டளைப் படிவத்தில் ஒப்பமிட்டுக் கொடுத்த பின்னரும், நிலையத்தின் முகாமையாளர் அதனை ஏற்று ஒப்பமிடும்வரை ஒப்பந்தம் பிறவாமலிருத்தல் கூடும். "முகாமையாளர் ஒப்பமிட்ட பின்னரே வலுப்பெறும்" என்று பல படிவங்களில் எழுதப்பட்டிருக்கும். அவ்வாறாயின், ஏற்பு வந்து சேருமுன் வாங்குவோர் தம் முனைவை மீட்டுக்கொள்ளலாம். மீட்பதாயின் உடனே, எழுத்தில், மற்றவர் கைக்குக் கிட்டுமாறு மீட்டல் வேண்டும். மனத்துள் மட்டும் மாறியவர் மாறியவராகக் கருதப்படார்.

எதிர்விலை கூறுதலும் கவனிக்கத்தக்கது. நிலையத்தார் ஒரு விலை கூற, நாம் அதிற் குறைத்துக் கேட்டால், அவர் கூறிய முனைவு அக்கணமே இறந்துபோம். "சரி, முன்னர் சொன்ன விலைக்கே தாரும்" என்று மறுநாட் போய்க் கேட்டால், அது புதிய முனைவே; கொடுத்தே ஆகவேண்டும் என்னுங் கடப்பாடு அவருக்கில்லை.

3. பேச்சு எப்பொழுது வழக்கிடத்தக்கதாகும்?

வாய்ச்சொல்லாலும் விற்பனை ஒப்பந்தம் உண்டாகலாம். ஆயின் அதனை நீதிமன்றத்தில் நிலைநாட்டுவதற்கு மூன்றில் ஒன்று வேண்டும் என்று எமது கட்டளைச்சட்டம் விதிக்கின்றது. வாங்குவோர் பொருளின் ஒரு பகுதியையேனும் ஏற்றுக் கையிற் பெற்றிருத்தல். விலையை அல்லது அதன் ஒரு பகுதியைச் செலுத்தியிருத்தல். கட்டுப்பட வேண்டியவரோ அவர்தம் முகவரோ ஒப்பமிட்ட குறிப்பொன்று எழுத்தில் இருத்தல் என்பனவே அம்மூன்றாம்.

மூன்றும் ஒருங்கே வேண்டும் என்பதில்லை, ஒன்றே போதும். இங்கேதான் அச்சவாரத்தின் வலிமை விளங்குகின்றது. இலட்சக்கணக்கான ரூபா விலையுள்ள வண்டிக்கு ஐயாயிரம் ரூபா கொடுத்துவிட்டு, "சிறு தொகைதானே" என்று எண்ணுவோர் பலர். விலை தீர்ந்திருப்பின், விலையின் பகுதியாகக் கொடுபட்ட அச்சிறு தொகையே முழு ஒப்பந்தத்தையும் வழக்கிடத்தக்கதாக ஆக்கிவிடும். பணம் சிறிது, அதன் வேலை பெரிது.

எழுத்து என்பது தாளும் மையும் மட்டுமன்று. 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல்வாங்கல் சட்டம், மின்வழிச் செய்திகளால் ஆகிய ஒப்பந்தமும் அக்காரணம் பற்றியே வலுவிழக்காது என்று கூறுகின்றது. காணி விற்பனை முதலிய சில அதற்குப் புறநடை. மோட்டார் வண்டி அப்புறநடையுள் வாராது. ஆகவே மின்னஞ்சலிலும் கைத்தொலைபேசிச் செய்தியிலும் "சரி, அந்த விலைக்கே எடுக்கின்றேன்" என்று எழுதுவோர், காற்றில் எழுதுவதாக எண்ணாதிருத்தல் நன்று.

4. ஒப்பமிட்ட படிவம்

1934ஆம் ஆண்டின் ஆங்கில வழக்கொன்றிலே, சிற்றுண்டிச்சாலை நடத்திய ஒரு பெண், வெண்சுருட்டு விற்கும் இயந்திரமொன்றை வாங்குதற்குப் படிவத்தில் ஒப்பமிட்டாள். இயந்திரம் இயங்கவில்லை. படிவத்தின் சிற்றெழுத்துகளிலோ விற்பவரின் பொறுப்புகள் யாவும் விலக்கப்பட்டிருந்தன. தான் அதனை வாசிக்கவில்லை என்றாள். ஏமாற்றோ திரிபுரையோ இன்றி ஒப்பமிட்டவர், வாசித்தாலும் வாசியாவிடினும் கட்டுப்படுவர் என்று நீதிமன்றம் தீர்த்தது. ஒப்பம் என்னுஞ் சொல்லே ஒப்புதலைக் குறிப்பது. வாசியாது ஒப்புதல் சொற்பொருளை அறியாது ஒப்புதலாகும்.

ஆகவே படிவத்தில் மூன்று இடங்களைத் தேடி வாசித்தல் வேண்டும். முதலாவது, விலை பற்றிய வாசகம். 2020ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில், அந்நியச் செலாவணி நெருக்கடி காரணமாக, வாகன இறக்குமதி இலங்கையில் நிறுத்தப்பட்டது. தனியார் வண்டிகளுக்கு 2025ஆம் ஆண்டு பெப்புருவரியிலேதான் மீண்டும் வழி திறந்தது. இறக்குமதியாகும் வண்டியின் விலை நாணய மாற்று வீதத்தையும் தீர்வையையும் பொறுத்து ஏறும், இறங்கும். "கையளிக்கும் நாளில் உள்ள விலையே செல்லும்" என்று படிவம் கூறுமாயின், விலை தீரவில்லை, ஆதலின் ஒப்பந்தமில்லை என்று வாதிடல் அரிது. இருவரும் உடன்பட்ட முறையிற் பின்னர் விலை குறிக்கப்படுதற்கு எமது கட்டளைச்சட்டம் இடமளிக்கின்றது. விலையேற்றத்துக்கு ஓர் எல்லை குறித்து, அதற்கு மேற்படின் விலகும் உரிமையையும் எழுதுவித்தலே அறிவுடைமை.

இரண்டாவது, நிபந்தனை பற்றிய வாசகம். "கடன் கிடைத்தால் எடுப்பேன்" என்று வாயாற் கூறிவிட்டு, அந்நிபந்தனை இல்லாத படிவத்தில் ஒப்பமிடுவோர், கடன் மறுக்கப்பட்டாலும் கட்டுப்பட்டவராய் நிற்கக்கூடும். "நிதி நிறுவனம் கடனை அங்கீகரியாவிடின் இவ்வொப்பந்தம் ஒழிந்து, முற்பணம் முழுவதும் திருப்பிக் கொடுக்கப்படும்" என்ற ஒரு வரி, குடும்பத்தின் சேமிப்பைக் காக்கவல்லது.

மூன்றாவது, வாங்குவோர் யார் என்பது. 2000ஆம் ஆண்டின் 56ஆம் இலக்க நிதிக் குத்தகைச் சட்டத்தின்கீழ் "லீசிங்" முறையில் எடுக்கும் வண்டியை உண்மையில் வாங்குவது நிதி நிறுவனமே. ஓட்டுபவர் குத்தகையாளர். பதிவுப் புத்தகத்தில் நிறுவனம் முழு உரிமையாளராகக் குறிக்கப்படும். இவ்வகையில் அவர் இரண்டு கட்டுகளுக்குள் அகப்படுகின்றார்: நிலையத்தோடு செய்த கட்டளை ஒன்று, நிறுவனத்தோடு செய்த குத்தகை மற்றொன்று. ஒன்றில் ஒப்பமிட்டபின் மற்றொன்று தவறுமாயின் யாது நிகழும் என்று முன்னரே கேட்டறிதல் வேண்டும்.

5. அச்சவாரத்தின் கதி

வாங்குவோர் பின்வாங்கினால் கொடுத்த பணம் யாருக்கு? விடை, அப்பணம் எவ்வகையது என்பதைப் பொறுத்தது. சொல் தவறேன் என்பதற்குப் பிணையாகக் கொடுக்கப்பட்டது அச்சவாரம். விலையின் ஒரு கூறாக முற்கூட்டிச் செலுத்தப்பட்டது பகுதிப்பணம். அச்சவாரங் கொடுத்தவர் தாமே தவறினால் அதனை இழப்பர் என்பது, 1884இல் இங்கிலாந்தில் ஒரு காணி விற்பனை வழக்கில் நிலைநாட்டப்பெற்ற பழைய நெறி. பகுதிப்பணமோ, விற்பவர்க்கு ஏற்பட்ட நட்டத்தைக் கழித்து மீளப் பெறத்தக்கது என்று 1939ஆம் ஆண்டுத் தீர்ப்பொன்று காட்டுகின்றது. ஆகவே பற்றுச்சீட்டில் "அச்சவாரம்" என்று எழுதப்படுகின்றதா, "விலையில் ஒரு பகுதி" என்று எழுதப்படுகின்றதா என நோக்குக. ஒரு சொல்லிற் பல இலட்சம் ரூபா தங்கியிருத்தல் கூடும்.

பின்வாங்கியவரிடம் விற்பவர் மேலும் நட்டஈடு கேட்கலாமா? இதற்கு மூன்று ஆங்கில வழக்குகள் நல்ல பாடங்களாக அமைந்துள்ளன. மூன்றும் மோட்டார் வண்டி வழக்குகளே.

1955ஆம் ஆண்டு வழக்கில், ஒரு நிறுவனத்தார் "ஸ்ராண்டட் வன்காட்" வண்டியொன்றை வாங்க உடன்பட்டுப் பின்னர் மறுத்தனர். அவ்வகை வண்டிகள் அவ்வூரிற் கேட்பாரினும் மிகுதியாக இருந்தன. எனவே விற்பவர் ஒரு விற்பனையையே இழந்தார் என்று கொண்டு, அவர் பெறவிருந்த இலாபமாகிய 61 பவுணும் சில்லறையும் நட்டஈடாக வழங்கப்பட்டது. 1957ஆம் ஆண்டு வழக்கில், மறுக்கப்பட்டது "கில்மன் மிங்ஸ்" வண்டி. அவ்வகை வண்டி எத்தனை வந்தாலும் விற்கத்தக்க நிலை இருந்தது. விற்பவர் அதனைச் சில நாள்களில் வேறொருவருக்கு அதே விலைக்கு விற்றுவிட்டார். நட்டமில்லை என்று கொண்டு பெயரளவான தொகையே வழங்கப்பட்டது. 1976ஆம் ஆண்டு வழக்கிலோ, மறுக்கப்பட்டது பாவித்த "பி.எம்.டபிள்யூ." வண்டி. அதுவும் பின்னர் முன்னைய விலையினுங் கூடிய விலைக்கு விற்கப்பட்டது. பாவித்த வண்டி ஒவ்வொன்றும் தனித்தன்மையது. ஆதலின் ஒரு விற்பனை குறைந்தது என்னும் வாதம் அங்கே செல்லாது என்று தீர்க்கப்பட்டது.

இம்மூன்றும் கூறும் நெறி ஒன்றே: நட்டஈடு தண்டனையன்று, உண்மையான இழப்பின் அளவே. விற்பவர் தவறினாலும் இந்நெறியே செல்லும். வாங்குவோர் வேறிடத்தில் அதே வண்டியைக் கூடிய விலைக்கு வாங்க நேரின், அவ்வேறுபாட்டை விற்பவரிடம் கேட்கலாம். ஒப்பந்தம் இருபாலாரையுங் கட்டும் என்பதை எம்மவர் மறந்துவிடுகின்றனர். அச்சவாரம் பெற்றபின் கூடிய விலைக்கு வேறொருவர் கேட்டார் என்று வண்டியை மாற்றிக் கொடுத்தல் வணிகரின் உரிமையன்று.

6. மார்கழியில் விட்டுச்சென்ற வண்டி

கட்டுப்படும் வேளை ஒன்று. உரிமை மாறும் வேளை மற்றொன்று. இவ்விரண்டும் சிலபோது ஒன்றாய் அமையும் என்பதே பலரும் அறியாத செய்தி. குறித்த ஒரு பொருள், உடனே கையளிக்கத்தக்க நிலையில் இருந்து, நிபந்தனையின்றி விற்கப்படுமாயின், வேறு கருத்துத் தோன்றாவிடத்து, ஒப்பந்தம் உண்டான அக்கணமே அதன் உரிமை வாங்குவோர்க்கு மாறும். பணங் கொடுத்தலும் பொருளைக் கையளித்தலும் பின்னர் நிகழினும் இந்நெறி மாறாது. உரிமை யாருக்கோ, அழிவின் பொறுப்பும் அவர்க்கே.

எம்மவர் மார்கழியில் வாகனம் எடார். மார்கழி நடுவில் ஒருவர் பாவித்த வண்டியொன்றைப் பார்த்து, "இதுவே" என்று தெரிந்து, விலை தீர்த்து, பணமுஞ் செலுத்தி, "தை பிறந்தபின் நல்ல நாளில் எடுப்பேன், நல்லூருக்குக் கொண்டுசென்று எலுமிச்சை நசித்தபின்பே வீட்டுக்கு" என்று கூறி விட்டுச்செல்கின்றார் என்று வைத்துக்கொள்வோம். மாரிகாலத்துப் பெருமழையில் வெள்ளம் புகுந்து வண்டி கெடுகின்றது. இழப்பு யாருக்கு? விற்பவர் கவனக்குறைவாயிருந்தார் என்று காட்டமுடியாவிடின், நாட்பார்த்துக் காத்திருந்தவர்க்கே. வண்டி நிலையத்து முற்றத்தில் நிற்கின்றது என்பது அவரைக் காவாது.

நல்ல நாளைக் கைவிடுமாறு நாம் கூறவில்லை; அது எமது மரபு. நாட்பார்ப்பவர், "கையளிக்கும்வரை பொறுப்பு விற்பவர்க்கே" என்று ஒரு வரி எழுதுவிக்கலாம். அன்றேல் பணஞ் செலுத்திய நாளிலிருந்தே காப்புறுதி செய்யலாம்.

இனி, விற்பவர் வண்டியைத் திருத்தியோ நிறம் பூசியோ தருவதாக உடன்பட்டிருப்பின், அவ்வேலை முடிந்து அச்செய்தி வாங்குவோர்க்கு எட்டும்வரை உரிமை மாறாது. இன்னுங் கப்பலேறாத, இன்னதென்று குறிக்கப்படாத புது வண்டியாயின், இருவர் இசைவோடு ஒரு வண்டி அவ்வொப்பந்தத்துக்கென ஒதுக்கப்படும்வரை வாங்குவோர்க்கு எந்த வண்டியும் உரியதன்று. அதுவரை அவர் கையிலிருப்பது ஒரு வாக்குறுதியே. விற்பவர் முறிந்துபோனால், பணங்கொடுத்தவர் கடன் கொடுத்தோர் வரிசையில் ஒருவராய் நிற்க நேரும். ஆகவே வாராத வண்டிக்கு முழுப்பணங் கொடுத்தல் ஆகாது.

7. பாவித்த வண்டியும் விற்பவர் சொல்லும்

ஒப்பந்தம் கட்டும் என்றவுடன் விற்பவர் எதனையுந் தலையிற் கட்டலாம் என்று எண்ணற்க. எமது கட்டளைச்சட்டம் சில நிபந்தனைகளை எழுதாமலே எழுதிவைத்துள்ளது. விற்கும் உரிமை விற்பவர்க்கு இருத்தல் வேண்டும். பொருள் வருணித்தவாறு இருத்தல் வேண்டும். அப்பொருளில் வணிகஞ் செய்பவர் விற்பின், அது விற்பனைக்குத் தகுந்த தரத்தினதாய் இருத்தல் வேண்டும்.

முதலாவதற்கு 1923ஆம் ஆண்டின் உரோலன்ட் எதிர் டிவால் வழக்கு சான்று. 334 பவுணுக்கு வாங்கிய வண்டி களவாடப்பட்டது எனத் தெரியவந்து, காவற்றுறையினராற் கொண்டுசெல்லப்பட்டது. அதற்குள் நான்கு மாதமளவில் அவ்வண்டி பாவிக்கப்பட்டிருந்தும், விலை முழுவதையும் மீட்க நீதிமன்றம் வழிசெய்தது. உரிமையையே விலைகொடுத்து வாங்கினார், அது கிட்டவில்லை, ஆதலின் யாதுங் கிட்டவில்லை என்பதே தீர்ப்பின் சாரம்.

இரண்டாவதற்கு 1967ஆம் ஆண்டின் பீல் எதிர் தெயிலர் வழக்கு சான்று. 1961ஆம் ஆண்டு "திரயம்ப் கெரால்ட்" என்று விளம்பரஞ் செய்யப்பட்ட வண்டி, இரண்டு வேறு வண்டிகளின் பாதிகளை ஒட்டி அமைத்தது எனப் பின்னர் தெரிந்தது. பின்பாதி மட்டுமே 1961ஆம் ஆண்டினது. வாங்கியவர் வண்டியைக் கண்ணாற் கண்டே வாங்கியிருந்தும், வருணனைக்கு ஒவ்வாத பொருள் என்று அவர்க்கு நட்டஈடு கிடைத்தது.

விற்பவர் யார் என்பதும் வேறுபாட்டை விளைக்கும். 1957ஆம் ஆண்டு வழக்கொன்றில், தனியாள் ஒருவர் திருத்தப்பட்ட பதிவுப் புத்தகத்தை நம்பி, 1939ஆம் ஆண்டு "மொறிஸ்" வண்டியை 1948ஆம் ஆண்டினது என்று கூறி மோட்டார் வணிகர்க்கே விற்றார். அறிய வாய்ப்பில்லாத அவர் உத்தரவாதம் அளித்தவராகார் என்று தீர்ந்தது. 1965ஆம் ஆண்டு வழக்கிலோ, வணிகர் ஒருவர் "பென்ற்லி" வண்டி புதிய இயந்திரம் பூட்டியபின் 20,000 மைல் மட்டுமே ஓடியது என்றார். உண்மையில் ஏறத்தாழ 100,000 மைல் ஓடியிருந்தது. அறியத்தக்க நிலையிலிருந்த வணிகரின் சொல் உத்தரவாதமே என்று தீர்ந்தது. அயலவரிடம் வாங்குவோர் தம் கண்ணையும் நல்ல மெக்கானிக்கையும் நம்பல் வேண்டும். வணிகரிடம் வாங்குவோர் அவர் சொல்லை எழுத்தில் வாங்கல் வேண்டும்.

8. பதிவுப் புத்தகமும் "ஓப்பின் பேப்பரும்"

1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டத்தின்படி, வண்டி கைமாறியதும் பழைய உரிமையாளர் 14 நாளுள் அறிவித்தலும், புதியவர் தம் பெயரிற் பதிவு கோரலும் வேண்டும். விற்பனை கட்டுவது பதிவினால் அன்று. முன்னர் கூறிய ஒப்பந்தத்தினாலேயே. பதிவுப் புத்தகம் காணி உறுதி போன்றதுமன்று.

இதனைக் கேட்டு, பதிவு வேண்டியதில்லை என்று முடிவுகட்டுவோர் பெருந்தவறு செய்வர். வெற்றுப் படிவங்களில் ஒப்பம் வாங்கி, பெயர் மாற்றாமற் கைமாற்றிக் கைமாற்றி விற்கும் "ஓப்பின் பேப்பர்" வழக்கம் எமது நாட்டிற் பரவியுள்ளது. விற்றவர் பெயர் பதிவேட்டில் நிற்க, வண்டி எவர் கையிலோ ஓடும். விபத்தோ குற்றமோ நேர்ந்தால் முதலில் தேடப்படுபவர் பதிவேட்டிலுள்ளவரே. இந்தியாவின் உச்ச நீதிமன்றம் 2018ஆம் ஆண்டில், வண்டி பல கை மாறியிருந்தும், பதிவேட்டில் பெயருள்ளவரே விபத்து நட்டஈட்டுக்குப் பொறுப்பாளி என்று அந்நாட்டுச் சட்டத்தின்படி தீர்த்தது. வாங்குபவர்க்கும் இடர் உண்டு: நிதி நிறுவனத்துக்குக் கடன்பட்ட வண்டியைக் குத்தகையாளர் விற்றால், விற்பவர்க்கு இல்லாத உரிமை வாங்குபவர்க்கு வாராது.

9. மனமாற்றத்துக்கு நாள் உண்டா?

"மூன்று நாளைக்குள் திருப்பிக் கொடுக்கலாமாம்" என்னும் பேச்சு எங்குங் கேட்கப்படுகின்றது. விற்பனை நிலையத்துக்கு நேரிற் சென்று வாங்கிய வண்டிக்கு அத்தகைய பொது அவகாசம் எமது சட்டத்தில் இல்லை. அப்பேச்சின் ஊற்று அமெரிக்க நாட்டின் மூன்றுநாள் விதியாதல் கூடும். அதுவோ வீடு தேடிவந்து விற்பவர் முதலியோரைக் குறித்தது, நிலையான விற்பனை நிலையத்தில் வாங்கிய வண்டியைக் குறித்ததன்று. எமது பழைய மாணவர் பலர் வாழும் இங்கிலாந்திலே, நேரிற் செல்லாது தொலைவிலிருந்து வாங்கியோர்க்கு 2013ஆம் ஆண்டு விதிகள் 14 நாள் அவகாசம் தருகின்றன. பழுதுள்ள பொருளை 30 நாளுள் மறுக்கும் உரிமையை 2015ஆம் ஆண்டுச் சட்டம் வணிகரிடம் வாங்கிய பாவனையாளர்க்குத் தருகின்றது. கனடாவின் ஒன்ராறியோவிலோ நிலையத்தில் ஒப்பமிட்டால் அதுவே முடிவு என்பது பொதுவிதி. நிலையத்தார் கூறவேண்டிய முக்கிய செய்திகளை மறைத்திருந்தாலே 90 நாளுள் முறிக்கலாம்.

எம் நாட்டில் முறைப்பாடுடையோர் 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் அமைந்த பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபையை நாடலாம். அச்சட்டம் பிறழ்வழிப்படுத்தும் வணிக நடத்தையைத் தடுக்கின்றது. முறைப்பாடு எழுத்தில், கொள்வனவு செய்து மூன்று மாதத்துள் செய்யப்படல் வேண்டும். ஆதலின் பற்றுச்சீட்டும் விளம்பரத் துண்டும் பேணத்தக்கன.

10. தொகுத்துரை

கூறியவற்றைத் தொகுப்பின் இவ்வாறாகும். விலை பேசுதல் கட்டாது. விலை தீர்த்தல் கட்டும். தீர்ந்த விலையை வழக்கிடத்தக்கதாக்க ஒப்பமோ, பணமோ, பெறுதலோ ஒன்று போதும். குறித்த வண்டியாயின், கட்டிய கணத்திலேயே அழிவின் பொறுப்பும் வந்துசேரலாம். பின்வாங்குவோர் அச்சவாரத்தை இழப்பர். அதற்கு மேலுங் கொடுக்க நேரலாம், நேராமலும் விடலாம். பதிவு விற்பனையை ஆக்குவதன்று. ஆயினும் அதனைச் செய்யாதிருத்தல் இருபாலார்க்கும் இடர்.

ஆகவே வண்டி வாங்கச் செல்வோர் பணப்பையோடு ஒரு வழக்கத்தையுங் கொண்டுசெல்வாராக: படிவத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து, ஓர் இரவு வைத்து, வீட்டார் ஒருவர் உரக்க வாசிக்க மற்றவர் கேட்டல். அவ்விரவில் விற்றுப்போகும் என்று அவசரப்படுத்தும் வண்டி போகட்டும். எழுத்துக்கூட்டி வாசிக்கும் ஒரு பள்ளிப் பிள்ளை அவ்வீட்டில் இருந்தால், வாசிக்கும் பணியை அப்பிள்ளைக்கே கொடுக்கலாம். சிக்கலான இடம் வந்தால், எமது பழைய மாணவருட் சட்டத்தரணிகள் பலர் உளர். ஒப்பமிடுமுன் அவர்களைக் கேட்பதற்குச் செலவு சிறிது. ஒப்பமிட்டபின் கேட்பதற்கோ அது பெரிது.